நடுங்கும் பச்சை விட்டில்

கேள்வி: எங்கள் வீட்டு நந்தியாவட்டைக்குப் பக்கத்துச் சுவரில், ராணுவ உடைபோல் பச்சைத் திட்டுகள் கொண்ட பெரிய அந்துப்பூச்சி ஒன்று சிறகு நடுங்க உட்கார்ந்திருந்தது. நோயா? ஆபத்தா?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: இரண்டும் இல்லை. நீங்கள் பார்த்தது அரளிப் பருந்து அந்து. அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நேரி. அந்த நடுக்கம் பறப்பதற்கான தயாரிப்பு. மார்புத் தசைகள் சுமார் 35 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் அதன் கனமான உடல் எழும்பும். அப்போது கையால் தொடாதீர்கள். சிறகுச் செதில்கள் உதிர்ந்தால் திரும்ப முளைக்காது.

இனி நந்தியாவட்டை இலைகளைப் புரட்டிப் பாருங்கள். கடித்த விளிம்பும் கீழே உருண்டை எச்சமும் இருந்தால் இந்த அந்தின் புழு அங்கேதான். தலைக்குப் பின்னால் நீலக் கண்போன்ற இரு புள்ளிகள். சீண்டினால் தலையை உள்ளிழுத்து அவற்றைப் பெரிதாகக் காட்டும். மிக அழகான மிரட்டல் அது! புழு பழுப்பாகிக் கீழே இறங்கினால் பலரும் செத்துவிடும் என்று பயந்து மருந்து தேடுகிறார்கள். அது கூட்டுப்புழுவாகப் போகிறது. சருகைப் பெருக்காமல் விடுங்கள், போதும்.

மற்ற அந்துகளையும் பார்க்க, நிலவில்லாத இரவில் வெள்ளை வேட்டியைக் கொடியில் கட்டி, முன்னால் விளக்கு வையுங்கள். சாதாரண எல்இடியில் புற ஊதா ஒளி அநேகமாக இல்லாததால் கூட்டம் குறையும். புற ஊதா விளக்கு நல்லது, ஆனால் அதை நேராகப் பார்க்காதீர்கள். படம் எடுத்தால், பக்கத்தில் ஓர் அளவுகோலும் தெரியட்டும். 10 மணிக்கு அணைத்துவிடுங்கள். விடியும்வரை எரிந்தால் பல்லிக்கும் காகத்துக்கும் விருந்துதான்.