இன்லே கதவில் மயில் எழும்பி நிற்கிறது, மறுபாலிஷ் போடலாமா?

கேள்வி: எங்கள் வீடு ஏற்காட்டில், காபித் தோட்டத்துக்குள் இருக்கிறது. பூஜை அறைக் கதவில் மர இன்லேயில், அதாவது வேறு வேறு நிற மரத் துண்டுகளைப் பதித்து, ஒரு மயில் வேண்டும் என்று சேலத்தில் வீட்டு அலங்கார வேலை எடுத்துச் செய்யும் ஒருவரிடம் கொடுத்தோம். மூன்று தேக்குப் பலகை சேர்த்த கதவு. அதன்மேல் ரோஸ்வுட், பலா, சண்பகம் எல்லாம் கலந்து மயில் செய்திருக்கிறார்கள். கண்ணும் கொண்டையும் பழைய தந்தம் என்றார். மொத்தம் 1,40,000 ரூபாய். சித்திரையில் செய்து ஆனியில் கொண்டுவந்து மாட்டினார்கள். ஐப்பசி மழையில் தோகையில் ஏழெட்டு இடங்களில் துண்டுகள் எழும்பிவிட்டன, நகம் உள்ளே போகிறது. "மரம்னா அப்படித்தாம்மா, இன்னொரு கோட் பாலிஷ் போட்டா அமுங்கிடும்" என்று சொல்லி 25,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

— ஒரு வாசகி, ஏற்காடு

பதில்:

கொடுக்க வேண்டாம் அம்மா. பணம் போவதைவிட, கதவே போய்விடும் என்பதுதான் என் கவலை. இப்போது எழும்பி நிற்கும் மயிலைத் திரும்ப உட்கார வைக்க முடியும். அதன்மேல் ஒரு கோட் பாலிஷ் ஏறிவிட்டால் பெரும்பாலும் முடியாது.

ஏன் என்று சொல்கிறேன். பாலிஷ் போடுவதற்கு முன்னால் உப்புத்தாள் தேய்ப்பார்கள். உங்கள் மயில் வெனீரில், அதாவது தாள் போல மெல்லிசாகச் சீவிய மரத்தில், செய்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கடையில் கிடைக்கும் வெனீர் அரை மில்லிமீட்டர் கனம்தான். எழும்பிய இடம் மேடாக இருப்பதால் உப்புத்தாள் முதலில் அதைத்தான் தின்னும். நாலு இழுப்பில் அடியில் இருக்கும் தேக்கு தெரிந்துவிடும். அதைவிட மோசம், நகம் நுழைகிற அந்த இடுக்கில் பாலிஷ் இறங்கிக் காய்ந்துவிடும். அப்புறம் எந்தப் பசையை ஊற்றினாலும் மரத்தைப் பிடிக்காது, பாலிஷைத்தான் பிடிக்கும். என் பட்டறைக்கு வரும் பழுதான இன்லே வேலைகளில் என்னால் காப்பாற்ற முடியாமல் போனவை, யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தில் மறுபாலிஷ் போட்டவைதான்.

மரம் என்றால் அப்படித்தான் என்று அவர் சொன்னதில் பாதி உண்மை. மரம் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும், கக்கும். சித்திரை மாதத்துச் சேலம் வெயிலில் பட்டறையில் கிடக்கும் பலகையில் ஈரம் சுமார் 7, 8 சதவீதம்தான் இருக்கும். அதே பலகையை இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றி, ஐப்பசி கார்த்திகைப் பனிக்குள் வைத்தால் மெல்ல மெல்ல 16, 17 சதவீதத்துக்குப் போகும். ஈரம் ஏறும்போது மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையவே அசையாது. அகலவாக்கில் வீங்கும். தேக்கு நல்ல அடக்கமான மரம். அதுவே ஒரு அடி அகலப் பலகையில் 5 மில்லிமீட்டர் வரை வீங்கும்.

இப்போது உங்கள் தோகையைப் பாருங்கள். கதவுப் பலகையின் ரேகை, அதாவது மரத்தின் நார் ஓட்டம், மேலிருந்து கீழாக ஓடுகிறது. தோகை விரிந்த மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகச் சில இறகுகளின் ரேகையைக் குறுக்கே வைத்திருப்பார்கள். குறுக்கே வைத்த இறகு மேலும் கீழுமாக வீங்கப் பார்க்கும். அந்தப் பக்கம் பலகை அசையாது, பக்கத்து இறகும் இடம் கொடுக்காது. பலகையோ பக்கவாட்டில் வீங்கும், அந்தப் பக்கம் இறகு நீளாது. இரண்டும் சேர்ந்து நடுவில் இருக்கும் பசையைக் கிழிக்கும். போக வழியில்லாத துண்டு மேலே எழும்பும். எழும்பிய இறகுகளின் ரேகையை நீங்களே பார்த்துச் சரிபார்க்கலாம். பெரும்பாலானவை குறுக்கு ரேகையாக இருக்கும்.

ஆக, மரத்தின் குணத்தில் குற்றமில்லை. அந்தக் குணம் தெரிந்தும், சமவெளி வெயிலில் காய்ந்த பலகையில் ஒட்டி மலைக்கு அனுப்பியதுதான் குற்றம். ஏற்காட்டில் மாட்டப்போகிற வேலை என்று தெரிந்தால் பலகையையும் வெனீரையும் ஒட்டுவதற்கு முன்பே ரெண்டு மூன்று வாரம் அந்த வீட்டிலேயே போட்டு வைக்க வேண்டும். ஈரம் பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்றைக் குத்திப் பார்த்தால் போதும், ஒரு நிமிட வேலை. வேலை எடுப்பவர்கள் யாரும் செய்வதில்லை. கிரகப்பிரவேசத் தேதியை வைத்துக்கொண்டு வேலைக்காரரை விரட்டுவார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் கேட்டு வையுங்கள். மயிலை வெட்டியது யார்? உங்களிடம் பணம் வாங்கியவர் நிச்சயமாக இல்லை. எங்கள் தொழிலில் இன்று பெரிய நோய் இதுதான். படத்தைக் கைபேசியில் காட்டி ஆர்டர் பிடிப்பது ஒருவர். அதை மைசூருக்கோ பெங்களூருக்கோ தள்ளிவிடுவது இன்னொருவர். ஃப்ரெட் ரம்பத்தில் கண் வலிக்க ஒவ்வொரு இறகாக அறுத்தவருக்கு இது எந்த ஊர்க் கதவு என்றே தெரியாது. தெரிந்திருந்தால் அவர் எச்சரித்திருப்பார். ஏற்காடு என்ற ஒரு சொல் போதும், நல்ல இன்லே கைவினைஞர் தேக்குப் பலகையைத் திருப்பி அனுப்பி, பிளைவுட் கொண்டு வரச் சொல்லியிருப்பார்.

நம் மாவட்டத்தில் இதோடு ஒரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் பெயர் இருக்கிறது, புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆனால் அது செதுக்கும் வேலை. ஒரே கட்டையிலிருந்து உளியால் உருவத்தை வெளியே எடுப்பது. இன்லே அப்படியல்ல. வேறு வேறு நிற மரத்தைத் துண்டாக அறுத்து, பலகையில் பள்ளம் எடுத்துப் பதிப்பது. மைசூர் ரோஸ்வுட் இன்லே அந்த வகை, அதற்கும் தனிப் புவிசார் குறியீடு உண்டு. பள்ளமே எடுக்காமல், படம் முழுவதையும் மெல்லிய வெனீரில் சேர்த்து ஒரே தாளாகப் பலகைமேல் ஒட்டினால் அது மார்க்வெட்ரி. மூன்றும் மூன்று கை. தம்மம்பட்டியில் செய்த இன்லே என்று சொல்லி விற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு ஊர்க் கைவினைஞருக்கும் அது அவமானம். குறியீடு கொடுப்பதோடு நம் அரசுத் துறைகளின் வேலை முடிந்துவிடுகிறது. கடையில் அந்தப் பெயரை வைத்து யார் எதை விற்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க ஆள் இல்லை. கைவினைஞருக்கு பெஹ்சான் என்று ஓர் அடையாள அட்டை தருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கதவு வாங்குகிறவருக்கு அப்படி ஓர் அட்டை இருப்பதே தெரியாது. யாரிடம் வேலை கொடுத்தாலும் அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஆர்டர் பிடிப்பவரிடம் அது இருக்காது, செய்பவரிடம் இருக்க வாய்ப்பு உண்டு.

அடுத்தது தந்தம். இதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தியாவில் தந்த வியாபாரம் 1986-ல் தடை செய்யப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் 1991-ல் தடை வந்துவிட்டது. "பழைய தந்தம்" என்று சொன்னால் குற்றம் பழையதாகிவிடாது. அவர் சொன்னது உண்மையானால் உங்கள் பூஜை அறையில் சட்டவிரோதப் பொருள் இருக்கிறது. பொய்யானால் எலும்பையோ பிளாஸ்டிக்கையோ தந்தம் என்று விற்றிருக்கிறார். பெரும்பாலும் பொய்யாகத்தான் இருக்கும். மைசூரிலேயே வெள்ளைக்கு இப்போது வெளிர் மரமும் பிளாஸ்டிக்கும்தான். அது என்ன பொருள் என்று அவரிடமே எழுத்தில் வாங்குங்கள். ரோஸ்வுட்டுக்கும் அப்படியே. நம் ஊரில் ஈட்டி, தோதகத்தி என்று சொல்வார்களே, அந்த மரம்தான். அதைக் காப்பாற்ற 1994-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். முறையாக வாங்கிய ஈட்டிக்கு பில் இல்லாமல் இருக்காது.

சரி, கதவுக்கு வருவோம். தேக்குப் பலகையில் இன்லே செய்யவே கூடாதா என்று கேட்பீர்கள். செய்யலாம். இதை நான் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் "தாத்தா வீட்டுக் கதவு நூறு வருஷமா இருக்கே" என்று எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். மைசூர் அரண்மனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1897 தீ விபத்துக்குப் பிறகு ஹென்றி இர்வின் வடிவமைப்பில் கட்டி 1912-ல் முடித்தார்கள். அங்கே தந்தம் பதித்த ரோஸ்வுட் கதவு இருக்கிறது, முழு மரம்தான். பதித்த ஒவ்வொரு துண்டும் சின்னது. இலை, மொட்டு, கொடி என்று விரல் அகலத்துக்கு மேல் போகாது. சின்னத் துண்டின் கீழே மரம் எவ்வளவு வீங்கினாலும் மயிரிழை அளவுதான். அதோடு, துண்டு மேலே ஒட்டியதல்ல, பள்ளத்தில் இறக்கியது. சுற்றிலும் மரமே அதைப் பிடித்துக்கொள்கிறது.

ஆகவே முழுத் தேக்கில் செய்வதானால் நான்கும் சேர்ந்து அமைய வேண்டும். துண்டு குறைந்தது 2, 3 மில்லிமீட்டர் கனமாவது இருக்க வேண்டும், வெனீர் கூடாது. துண்டின் ரேகை பலகையின் ரேகையோடு போக வேண்டும். குறுக்கே போயே ஆக வேண்டிய துண்டு என்றால் இரண்டு விரல் அகலத்தைத் தாண்டக் கூடாது. பலகை வைரம் பாய்ந்ததாக, நன்றாகக் காய்ந்ததாக, முடிந்தால் கட்டையின் நடுவிலிருந்து ஆரவாக்கில் அறுத்ததாக இருக்க வேண்டும். அந்த அறுப்பில் வீக்கம் பாதியாகக் குறையும். இதில் ஒன்று தவறினாலும் முழுத் தேக்கு வேண்டாம், பிளைவுட்டுக்குப் போய்விடுங்கள். மூன்றடித் தோகை விரித்த மயிலுக்கு இரண்டாவது விதி ஒத்தே வராது. அதனால்தான் உங்கள் கதவில் இப்படி ஆனது.

பிளைவுட் என்றதும் மலிவு என்று முகம் சுளிக்காதீர்கள். அடுக்கடுக்காக ரேகையைக் குறுக்கே மாற்றி ஒட்டியிருப்பதால் அது எந்தப் பக்கமும் பெரிதாக வீங்காது. ஏற்காடு வீட்டுக்கு ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட் வாங்குங்கள். முன்பக்கம் மயில் என்றால் பின்பக்கமும் ஒரு சாதா வெனீர் ஒட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கதவு வில்லாக வளையும். இதையும் "பின்னாடி யாரு பாக்கப்போறா" என்று மிச்சம் பிடிப்பார்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. எழும்பிய துண்டைக் கையால் அழுத்தாதீர்கள், ஈரத்துணி போடாதீர்கள், பக்கத்தில் ஹீட்டர் வைக்காதீர்கள். கதவைப் பாதி திறந்தே வையுங்கள், இரண்டு பக்கமும் ஒரே காற்று படட்டும். விளக்கும் கற்பூரமும் சற்று உள்ளே தள்ளி இருக்கட்டும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, தேதி தெரியப் படம் எடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்தை எடுங்கள். தை பிறந்து பனி விலகினால் பாதித் துண்டுகள் தானாகவே தாழ்ந்துவிடும். பழுது பார்க்க மாசி நடுவே சரியான நேரம். மரம் நடுத்தர ஈரத்தில் இருக்கும். கோடை முற்றும் வரை விட்டு, காய்ந்த மரத்தில் ஒட்டினால் அடுத்த ஐப்பசியில் இதே கதை.

அதற்குள் ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும்: என்ன பசை? ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையோ பழைய வச்சிரமோ (விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசை) என்றால் மிதமான சூடு கொடுத்து இளக்கி அமுக்கலாம், பழைய பசையே திரும்பப் பிடிக்க வாய்ப்பு உண்டு. மைக்கா ஒட்டுகிற ரப்பர் பசை என்றால் வேறு வழியில்லை, துண்டைக் கழற்றிச் சுரண்டித்தான் ஒட்ட வேண்டும். இது ஒட்டியவருக்கு மட்டுமே தெரியும். அதனால் அந்த 25,000 ரூபாய்ப் பேச்சை விட்டுவிட்டு, மயிலைச் செய்தவரின் எண்ணை வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் விடாதீர்கள். பணம் கொடுத்ததற்கான வங்கிப் பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் இருக்கும்தானே? முதலில் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குச் சொல்லுங்கள். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். வாய்தா இழுக்கும், மரவேலை தெரிந்தவர் அறிக்கை வேண்டும் என்பார்கள். வெனீருக்கும் சன்மைக்காவுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம் நீங்களே விளக்க வேண்டியிருக்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் நோட்டீஸ் போனதும் எண்ணைக் கொடுத்துவிடுவார்கள், அதற்காகவாவது போடுங்கள்.

ஏதாவது இறகு முழுதாக விழுந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒரு காகித உறையில் போட்டு, எந்த இடத்தில் விழுந்தது என்று மேலே எழுதி வையுங்கள். இரண்டு மூன்று தொலைந்திருந்தாலும் கவலையில்லை. வெளிர் நிற இறகுக்கு உங்கள் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கே போதும். நன்றாகக் காய்ந்த ஒரு துண்டு கிடைத்தால் எடுத்து வையுங்கள். அதன் புள்ளி ரேகை மயில் இறகுக்கு நன்றாகவே பொருந்தும்.