சொல் வாத்தியார் பதில்கள்

திண்டுக்கல் வாசகர்: வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய திசைகளின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்துதான் 'நியூஸ்' ஆயிற்று என்று என் மகளுக்குப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். சரிதானா?

சரியில்லை. ஆனால் அந்த ஆசிரியரைத் திட்ட எனக்கு வாயில்லை. நானே இருபது ஆண்டுகள் ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் திசைகாட்டி வரைந்து இதே கதையைச் சொன்னவன். ஒருமுறை கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "கிழக்கு மேற்கு வடக்கு தெற்கு என்றுதானே சார் சொல்வோம்? இதில் ஏன் தாறுமாறாக வருகிறது?" என்று கேட்டான். அதிகப்பிரசங்கி என்று உட்கார வைத்துவிட்டேன். ஓய்வு பெற்றபின் நிதானமாக அகராதியைப் புரட்டியபோதுதான் அவன் கேள்வி உறைத்தது.

'நியூ' என்றால் புதிய. 'நியூஸ்' என்றால் புதியவை. அவ்வளவுதான். முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்யும் வழக்கம் பரவியது இருபதாம் நூற்றாண்டில். 'நியூஸ்' அதற்குச் சுமார் ஐந்நூறு ஆண்டு மூத்தது. யாழ்ப்பாணத்தார் "என்ன புதினம்?" என்று விசாரிப்பார்கள். அங்கே புதினம் என்றால் செய்தி. நாம் அந்தச் சொல்லை நாவலுக்கு வைத்துக்கொண்டோம். வேடிக்கை என்னவென்றால், 'நாவல்' என்பதும் 'புதிய' என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழிவந்ததுதான்.

சேலம் வாசகி: ஓட்டலில் தரும் 'டிப்ஸ்' கூட ஏதோ ஆங்கிலத் தொடரின் சுருக்கமாமே?

அதுவும் அதே ரகப் பொய். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் திருடர்கள் தங்களுக்குள் பேசிய பாஷையில் 'டிப்' என்றால் கொடு, தள்ளு.

விருதுநகர் வாசகர்: 'பாய்காட்' ஓர் ஆளின் பெயர் என்கிறார்கள். இதையும் நம்பக்கூடாதா?

இதைத் தாராளமாக நம்பலாம். சார்லஸ் பாய்காட் அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தர். 1880இல் விளைச்சல் சரியில்லை. பிரபு குத்தகையில் 10 சதவீதம் தள்ளுபடி தந்தார். குடியானவர்கள் 25 கேட்டார்கள். பாய்காட் நிலத்தைவிட்டு வெளியேறச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கக் கிளம்பினார். ஊர் அவர்மேல் கைவைக்கவில்லை, தள்ளிவைத்தது. வேலையாட்கள் நின்றார்கள். கடைக்காரர்கள் சாமான் தரவில்லை. தபால் கொண்டுவந்த பையனும் வரவில்லை. அறுவடைக்கு வடக்கேயிருந்து ஐம்பது பேரை வரவழைத்தார்கள்; அவர்களுக்குக் காவலாகப் பட்டாளமே வந்தது. சுமார் 500 பவுண்டு பெறுமான விளைச்சலை வீடு சேர்க்க 10,000 பவுண்டு செலவானதாகக் கணக்கு. டிசம்பர் பிறந்ததும் பாய்காட் அயர்லாந்தைவிட்டே போய்விட்டார்.

இதற்கு என்ன பெயர் வைப்பது என்று ஒரு பத்திரிகையாளர் யோசித்தார். ஊர்விலக்கைக் குறிக்கும் 'ஆஸ்ட்ரசிசம்' என்றால் குடியானவர்களுக்கு விளங்காதே, 'பாய்காட்' என்று வைத்தால் என்ன என்றாராம் அவ்வூர்ப் பாதிரியார் ஓ'மாலி. அன்னம் தண்ணீர் புழங்காமல் விலக்கிவைப்பதை நம் கிராமங்களும் அறியும். என்ன, இங்கே அது பெரும்பாலும் எளியவர் தலையில்தான் விழுந்தது.

நாகப்பட்டினம் வாசகர்: நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனது நமக்குப் பெருமைதானே?

பெருமைதான். ஆனால் போன இடத்தில் கட்டுவதையும் விட்டுவிட்டார்கள், மரத்தையும் விட்டுவிட்டார்கள். ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையில் ஓடும் கட்டுமரத்தைப் பற்றி எழுதியபோது அது மரமாகத்தான் இருந்தது. 1804இல் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க பூலோன் துறைமுகத்தில் பிரிட்டிஷார் மிதக்கவிட்ட வெடிப்பெட்டிக்கும் அதே பெயர். பிற்பாடு சண்டைக்காரப் பெண்ணைக்கூட அப்படி அழைத்தார்கள். இன்றைக்கு இரட்டை உடல் கொண்ட படகு எதுவானாலும், அலுமினியத்தில் செய்தாலும், கேட்டமரான்தான். கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களை உலர்த்தும் உங்கள் ஊர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள்.

போன மாதம் ஒரு சுற்றுலா விளம்பரத்தில் 'கேட்டமரான் சவாரி' என்று தமிழிலேயே அச்சிட்டிருந்தார்கள். பழக்க தோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்தேன். படத்தில் இருந்தது கட்டுமரம் இல்லை. மூடிவைத்துவிட்டேன்.