சின்னதாக ஒரு 2டி கேம் எஞ்சின்: கேள்வி பதில்

கேள்வி: கேம் உருவாக்க உதவும் கொடோ என்ற எஞ்சின் இலவசமாகவே கிடைக்கும்போது சொந்த எஞ்சின் எதற்கு?

பதில்: கேம் வெளியிடுவதுதான் நோக்கம் என்றால் வேண்டவே வேண்டாம். கொடோ 2014-லிருந்து எம்ஐடி உரிமத்தில் (யாரும் எடுத்து, மாற்றிப் பயன்படுத்தலாம் என்னும் உரிமம்) இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கும் ஆசை இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: சி++ ஓரளவு தெரியும் அண்ணா. எங்கே தொடங்கலாம்?

பதில்: விண்டோ, கீபோர்டு, ஒலி எல்லாவற்றையும் எஸ்டிஎல் (SDL) என்ற லைப்ரரி பார்த்துக்கொள்ளும். அதை வைத்து, பந்தை மட்டையால் தட்டும் பழைய பாங் மாதிரி ஒரு கேமை நேராக எழுதுங்கள். அப்புறம் வேறு வகையில் இன்னொன்று. இரண்டிலும் திரும்பத் திரும்ப வருகிற நிரல் எதுவோ, அதைத் தனியே பிரித்தால் அதுதான் எஞ்சின். கேமே இல்லாமல் எஞ்சினில் இறங்குபவர்கள் பாதியிலேயே சோர்ந்துவிடுகிறார்கள்.

கேள்வி: என்னிடம் சரியாக ஓடும் கேம், நண்பனின் 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறும்) மானிட்டரில் தலைதெறிக்க ஓடுகிறதே?

பதில்: ஃபிரேமுக்கு, அதாவது திரையில் ஒவ்வொரு முறை வரையும்போதும், இத்தனை பிக்சல் என்று நகர்த்தியிருப்பீர்கள். நொடிக்கு 60 ஃபிரேமை நம்பி எழுதியது 144-ல் 2.4 மடங்கு வேகமாகத்தான் ஓடும். வேகத்தை டெல்டா டைமால் (முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரம்) பெருக்கினால் இது அடங்கும். ஆனால் குதிக்கும் உயரம் கணினிக்குக் கணினி லேசாக மாறும், அது இன்னும் பெரிய தலைவலி. அதனால் கேம் உலகை எப்போதும் 1/60 நொடிப் படிகளாகவே நகர்த்துங்கள். கடந்த நேரத்தை ஒரு மாறியில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். அதில் 1/60 நொடி இருக்கும்வரை ஒரு படி ஓட்டி, அந்த அளவைக் கழியுங்கள். திரையில் வரைவது தன் வேகத்தில் தனியே நடக்கட்டும். ஒரு எச்சரிக்கை: லேப்டாப் 3 நொடி திணறினால் 180 படிகள் ஒன்றாகக் குவியும், அதை ஓட்டுவதற்குள் இன்னும் குவியும். ஒரு ஃபிரேமில் சேரும் நேரத்துக்குக் கால் நொடி என்று உச்சவரம்பு வையுங்கள்.

கேள்வி: அப்படித்தான் செய்தேன். இப்போது தோட்டா சுவரைத் தாண்டிப் போகிறது!

பதில்: நொடிக்கு 1200 பிக்சல் என்றால் படிக்கு 20. சுவரின் தடிமன் 16. ஒரு படியில் தோட்டா இந்தப் பக்கம், அடுத்த படியில் அந்தப் பக்கம். நடுவில் மோதலே நடக்கவில்லை. பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு ஒரு கோடு இழுத்து, அது சுவரை வெட்டுகிறதா என்று பாருங்கள். இதற்காக பாக்ஸ்2டி என்ற இயற்பியல் லைப்ரரியை இழுத்து வராதீர்கள்.

கேள்வி: ‘செடி’ என்று எழுதினால் கொம்பு ‘ச’வுக்குப் பின்னால் நிற்கிறது.

பதில்: யூனிகோடில் உயிர்க்குறி மெய்க்குப் பின்தான் சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவருவது, எழுத்துகளைச் சரியான வடிவில் அடுக்கும் ஷேப்பிங் எஞ்சினின் வேலை. எஸ்டிஎல்லில் எழுத்து வரையும் எஸ்டிஎல்_டிடிஎஃப்பை, ஹார்ஃப்பஸ் என்ற ஷேப்பிங் எஞ்சின் சேர்த்து பில்டு செய்யுங்கள். எழுத்து எழுத்தாகப் படம் ஒட்டும் பிட்மேப் ஃபாண்ட் தமிழுக்கு ஒத்துவராது.

கேள்வி: கிட்ஹப்பில் பப்ளிக்காகப் போட்டாயிற்று. ஓப்பன் சோர்ஸ்தானே?

பதில்: உரிமக் கோப்பு இல்லையென்றால் அது ஓப்பன் சோர்ஸ் இல்லை. மற்றவர்கள் பார்க்கலாம், கிட்ஹப்புக்குள்ளேயே ஃபோர்க் (நகல்) எடுக்கலாம், அவ்வளவுதான். எம்ஐடி போதும். எஸ்டிஎல் போல ஸெட்லிப் உரிமமும் நல்லதுதான். மாதிரி கேமில் உள்ள ஸ்ப்ரைட்டுகளை (பாத்திரம், பொருள்களின் படங்கள்) எங்கிருந்து எடுத்தீர்கள்? உரிமம் தெரியாத படம் இருந்தால் முதலில் அதைத் தூக்குங்கள்.