ஐரிஷ் மொழியின் பெண்பால் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஐரிஷ், ஸ்காட்லாந்து கேலிக் ஆகிய மொழிகளில் ‘பன்’ என்ற முன்னொட்டைச் சேர்த்துப் பெண்பாற் பெயர்களை ஆக்குவார்கள் என்று படித்தேன். நாம் நடிகன், நடிகை என்று சொல்லின் இறுதியில் செய்வதை அவர்கள் தொடக்கத்தில் செய்கிறார்கள் என்று கொள்ளலாமா?

வாசகி, கும்பகோணம்

அன்புள்ள வாசகிக்கு,

அப்படிக் கொண்டால் பாதிதான் சரியாகும். ‘பன்’ (‘பஸ்’ என்பதில் ஒலிக்கும் ப) பெண் என்று பொருள்படும் ‘பியன்’ என்ற சொல்லின் தொகை வடிவம். ஆகவே அது நம் ‘ஐ’ விகுதியைவிட, ‘பெண் காவலர்’ என்பதில் முன்னால் நிற்கும் ‘பெண்’ணுக்கே நெருக்கமானது. சேரும் சொல்லின் முதல் மெய்யை அது பல இடங்களில் மென்மையாக்கும்: ஸ்காட்லாந்தில் நண்பர் ‘கரிஜ்’, தோழி ‘பன-ஹரிஜ்’.

ஆனால் பொருளைப் பெண்ணாக்கும் இந்த ஒட்டு, ஐரிஷில் பெரும்பாலும் சொல்லின் இலக்கணப் பாலை மாற்றிவிடுவதில்லை. என்னை மிகவும் கவர்ந்தது இதுதான். ‘அன்’ என்ற சுட்டிடைச்சொல்லுக்குப் (ஆங்கில ‘தி’ போன்றது) பின் பெண்பாற் பெயரின் முதலெழுத்து மென்மையாகும் என்பதால், அரசியைக் குறிக்கும் ‘பன்ரீன்’ அங்கே ‘அன் வன்ரீன்’ ஆகிறது. பெண் தெய்வத்தைக் குறிக்கும் ‘பன்டீயா’வோ ‘அன் பன்டீயா’ என்று மாறாமலே நிற்கிறது, ஏனெனில் கடவுளைக் குறிக்கும் ‘டீயா’ ஆண்பால், முன்னால் பெண் வந்து சேர்ந்த பின்பும் அந்தச் சொல் ஆண்பாலாகவே நீடிக்கிறது. பன்ரீனில் உள்ள ‘ரீன்’ தனித்து நின்றாலும் அரசிதான், பெண்பாற் சொல்தான். அதற்குப் ‘பன்’ தேவையே இல்லை. ‘தேவி வந்தாள்’ என்று பொருளை வைத்தே பாலைத் தீர்மானிக்கும் நமக்கு இது விந்தையாகத் தோன்றும். அங்கே சிறுமி என்ற பொருளுடைய ‘கலீன்’கூட ஆண்பாற் பெயரே, ஆயினும் பிறகு அவளைச் சுட்டும்போது ‘அவள்’ என்றுதான் சொல்வார்கள்.

அயர்லாந்துக் காவல்துறையில் 1959இல் முதன்முதலாகப் பெண்கள் சேர்ந்தபோது, ‘கார்டா’ என்ற பதவிப்பெயருக்கு முன் ‘பன்’ சேர்த்தே அவர்களை அழைத்தார்கள். 1990இல் அது கைவிடப்பட்டது. இன்று இருபாலாரும் கார்டாதான். செவிலியைக் குறித்த ‘பனல்ட்ரா’வும் இப்போது பெரும்பாலும் ‘அல்ட்ரா’ என்றே வழங்குகிறது. இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன். நடிகையிலிருந்து ‘ஐ’யை எடுத்தால் சொல்லே குறைப்பட்டுவிடும், ‘பன்’ தனிச்சொல்லாக வந்து சேர்ந்தது, ஆகையால் அது விலகும்போது மூலச்சொல் முழுமையாகவே இருக்கிறது.

அன்புடன்