மீன் வயிற்றில் சுருண்டிருக்கும் புழு

கேள்வி: சந்தையில் வாங்கிய சூரை மீனை அரியும்போது, குடலின்மேல் நூல்போன்ற வெண்புழுக்கள் சுருண்டிருந்தன. மீன் கெட்டுவிட்டது என்று மாமியார் முழுவதையும் கொட்டச் சொல்லிவிட்டார். குழம்பு வைத்துச் சாப்பிட்டிருந்தால் ஆபத்தா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: கொட்டியிருக்க வேண்டியதில்லை. கெட்ட மீனில் நெளிபவை ஈ முட்டையிட்டு வந்த புழுக்கள். நீங்கள் கண்டவை மீன் உயிரோடு இருந்தபோதே அதன் வயிற்றில் குடியிருந்தவை. எனவே அவற்றை வைத்து மீன் பழையது என்று முடிவு கட்ட முடியாது. செவுளின் நிறமும் வாடையுமே அதற்குச் சரியான அடையாளங்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், அவை அனிசாகிஸ் வகை உருளைப்புழுவின் இளம்பருவமாக இருக்கலாம். திமிங்கிலம், ஓங்கில் (டால்பின்) ஆகியவற்றின் இரைப்பையில் வளரும் இப்புழுவின் முட்டைகள் கழிவோடு கடலில் கலந்து, அவற்றிலிருந்து வரும் நுண்புழுக்களை இறால் போன்ற சிற்றுயிர்கள் விழுங்க, அவற்றைத் தின்னும் மீனுக்கும் கணவாய்க்கும் புழு போய்ச் சேருகிறது. மனித உடலில் அது முழு வளர்ச்சி அடைவதில்லை. ஆனால், உயிரோடு உள்ளே போனால் இரைப்பைச் சுவரைத் துளைக்க முயலும். சில மணி நேரத்திலேயே கடும் வயிற்றுவலியும் வாந்தியும் வரும். மருத்துவர்கள் உள்நோக்குக் கருவியைச் செலுத்தி அதைப் பிடுங்கி எடுப்பதுண்டு.

பச்சை மீன் உண்ணும் ஜப்பானில் இது பழகிப்போன தொல்லை. நெதர்லாந்தில், அரைகுறையாக உப்பிட்ட ஹெர்ரிங் மீனை உண்டவர்களுக்கு வந்த வயிற்றுவலிக்கு இப்புழுவே காரணம் என்று 1960இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 1968இல் அந்த மீனை உறையவைத்தே விற்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. பச்சையாக உண்ணும் மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் வைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. வீட்டு ஃபிரிட்ஜின் உறைபெட்டி அந்தக் குளிரை எட்டும் என்று நம்பிவிட வேண்டாம். எலுமிச்சைச் சாறும் வினிகரும் புழுவை உடனே கொல்லா. நன்றாகக் கொதிக்கும் குழம்பிலோ, துண்டின் நடுப்பகுதிவரை வெந்த வறுவலிலோ அது பிழைக்காது.

மீன் செத்த பிறகு புழு குடலிலிருந்து சதைக்குள் நகரக்கூடும் என்பதால், வாங்கிய உடனே குடலை நீக்கிவிடுவது நல்லது. ஒரு விலக்கு உண்டு: வெந்து செத்த புழுவின் புரதமும் மிகச் சிலருக்கு ஒவ்வாமை தரும். ஆகவே, நன்கு வெந்த மீனைத் தின்ற பிறகும் தோல் தடித்து அரிப்பெடுத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்; மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.