கிழக்கில் ஓர் இறையியல் கழகம் – கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதுகிறேன். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் சமயம் படிப்பிக்கிற பதினாறு பேர் ஒன்றுசேர்ந்திருக்கிறோம். பல்கலைக்கழக விரிவுரையாளர்கள், இரண்டு ஃபாதர்மார், மெதடிஸ்த போதகர் ஒருவர், மௌலவிமார் மூவர், சைவசித்தாந்தம் படித்த ஆசிரியர்கள் என்று கலந்திருக்கிறோம். இறையியலாளர்களுக்கென ஓர் ஆய்வுக் கழகம் தொடங்குவதாக முடிவு. டிசம்பரில் ஒரு சர்வதேச மாநாடு, அதோடு சிறப்பு மலர், அடுத்த வருடம் ஆய்விதழ். யாப்பு (கழக விதிகள்) வரைவை இத்துடன் இணைத்துள்ளேன். எப்படிப் பதிவது? வெளிநாடுகளில் இப்படியான சங்கங்கள் எப்படி நடக்கின்றன? கட்டுரைகளை யார் மதிப்பிடுவது? "இறையியல்" என்ற பெயருக்கு மௌலவி ஒருவர் தயங்குகிறார். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

த.

அன்புள்ள த.,

வரைவை வாசித்தேன். 31 பிரிவுகள். போசகர், உபபோசகர், இணைச் செயலாளர், உபபொருளாளர் என்று எண்ணிப் பார்த்தால் பதினான்கு பதவிகள் வருகின்றன. நீங்கள் பதினாறு பேர். மிஞ்சுகிற இரண்டு பேர்தான் கட்டுரை எழுத வேண்டியிருக்கும்.

மாநாட்டைத் தள்ளிப்போடுங்கள். மலரை விட்டுவிடுங்கள். முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஒரு மேசை, ஒரு கட்டுரை. இது போதும். நம்மூர் மாநாடு எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மங்கல விளக்கு, மூன்று சமய வணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, பொன்னாடை எல்லாம் முடியும்போது பதினொன்றரை ஆகிவிடும். அதற்குப் பிறகு ஒரு அமர்வில் எட்டுப் பேர், ஆளுக்குப் பத்து நிமிடம், "நேரம் போதாமையால் கேள்விகளைத் தவிர்க்கிறோம்". கேள்வியைத் தவிர்த்தால் கழகம் எதற்கு?

வாசிப்புக் கூட்டத்தின் முறை இது. கட்டுரை 6,000 சொல்லுக்குள் இருக்கட்டும். கூட்டத்துக்கு 21 நாள் முன்பு எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். கட்டுரையாளரின் சமயத்தைச் சேராத ஒருவரை மறுமொழி சொல்ல நியமியுங்கள். அவர் இரண்டு பக்கத்தில் எழுதி மூன்று நாள் முன்பு அனுப்ப வேண்டும். அன்றைக்குக் கட்டுரையாளருக்குப் பத்து நிமிடம், மறுமொழிக்குப் பத்து நிமிடம், பிறகு ஒரு மணி நேரம் உரையாடல். இதில் வழக்கமாகப் பிழைப்பது ஒரே இடந்தான்: வாசிக்காமல் வருகிறவர்களுக்கு இரங்கி, கட்டுரையாளர் முழுவதையும் வாசிக்கத் தொடங்குவார். தமிழ்க் கட்டுரை நிமிடத்துக்கு 90 சொல்லுக்கு மேல் போனால் காதில் நிற்காது. 6,000 சொல் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். அதனால் வாசலில் பிரதி கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த முறை ஒருவரும் வீட்டில் வாசிக்க மாட்டார்கள்.

மறுமொழி ஏன் வேறு சமயத்தவரிடமிருந்து வர வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி. "ஆணவமும் ஜென்மபாவமும் ஒன்றே" என்று ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். முன்னது உயிரை மறைக்கும் அழுக்கு என்று சைவசித்தாந்தம் சொல்வது; பின்னது ஆதாமின் வீழ்ச்சியால் மனிதர் பிறவியிலேயே சுமப்பதாகக் கிறிஸ்தவம் சொல்லும் பாவம். நம் ஒப்பியல் கட்டுரைகளில் பாதி இப்படித்தான் இருக்கும். இரண்டு பக்கமும் மேற்கோள், நடுவில் ஒரு சமன்குறி. சித்தாந்தியே மறுமொழி சொன்னால் ஆணவத்தின் விளக்கத்தைத் திருத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஃபாதர் சொன்னால் வேறொன்று நடக்கும். ஆணவம் அனாதி, செம்பில் களிம்பு போல உயிரோடு எப்போதும் உள்ளது. ஜென்மபாவத்துக்கோ ஒரு தொடக்கம் இருக்கிறது, ஒரு வீழ்ச்சி இருக்கிறது, அதற்கு முன் மாசில்லாத ஒரு நிலையும் இருக்கிறது. தொடக்கம் உள்ளதும் இல்லாததும் எப்படி ஒன்றாகும் என்று அவர் கேட்பார். அடுத்ததாக மௌலவி, எங்களிடம் இந்தக் கேள்வியே எழாது, பிள்ளை பித்ராவில், இயல்பான தூய்மையில்தான் பிறக்கிறது என்பார். அப்படியானால் தீமை எங்கிருந்து வருகிறது என்று சித்தாந்தி திரும்பிக் கேட்பார். கட்டுரை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. எழுதியவர் வீட்டுக்குப் போய்ச் சமன்குறியை அழித்துவிட்டு மறுபடி எழுதுவார். ஒரு வருடத்தில் இப்படி நான்கு கட்டுரை தேறினால் அது பெரிய வேலை.

பெயர் விஷயத்தில் மௌலவியின் தயக்கம் நியாயமானது. "இறையியல்" தமிழில் கிறிஸ்தவக் கல்விக்கூடங்களில் வளர்ந்த சொல். சைவர் தங்கள் துறையைச் சித்தாந்தம் என்பார்கள். முஸ்லிம்கள் அகீதா என்பார்கள், தர்க்கத்தோடு சேர்ந்த பகுதியை இல்முல் கலாம் என்பார்கள். நாளைக்கு அம்பாறையிலிருந்து ஒரு பௌத்த பிக்கு வந்தால் "இறை" என்ற முதல் சொல்லிலேயே நின்றுவிடுவார். "சமய மெய்யியல் ஆய்வுக் கழகம்" என்று வைத்தால் நால்வருக்கும் இடமிருக்கும். ஆனால் பெயரை மாற்றுவதோடு வேலையை மாற்றிவிடாதீர்கள். சமயத்தை வெளியே நின்று விவரிக்கிற சமயவியல் வேறு, ஒரு நம்பிக்கைக்குள் நின்று அதன் கூற்றுகளுக்குப் பொறுப்பேற்று வாதிடுகிற இறையியல் வேறு. உங்கள் பதினாறு பேரில் பெரும்பாலானோர் இரண்டாவது வகை. அதை யாப்பின் முதல் பந்தியில் ஒளிக்காமல் எழுதுங்கள்.

வெளிநாட்டுச் சங்கங்களிடம் கற்க வேண்டியது அவர்களின் பிரமாண்டத்தை அல்ல, அவர்கள் இடறிய இடங்களை. அமெரிக்காவில் விவிலிய ஆய்வுச் சங்கம் 1880இல் தொடங்கியது. இன்று அங்கே சமய ஆய்வுக்குப் பெரிய அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஒஃப் ரிலிஜன், 1909இல் விவிலியம் படிப்பித்த ஆசிரியர்களின் சிறு சங்கமாக ஆரம்பித்து, 1960களில்தான் இந்தப் பெயருக்கு வந்தது. இரண்டும் வருடாந்த மாநாட்டைச் சேர்ந்தே நடத்தி வந்தன. 2008 முதல் பிரிந்து நடத்திப் பார்த்துவிட்டு 2011இல் மறுபடி சேர்ந்தார்கள். பிரித்தானியாவின் இறையியல் ஆய்வுச் சங்கம் 1952இலிருந்து நடக்கிறது.

உங்களுக்கு அதிகம் பயன்படக்கூடியது 1949இல் அமெரிக்காவில் தொடங்கிய இவாஞ்சலிக்கல் தியலொஜிக்கல் சொசைட்டி என்ற நற்செய்திவாத இறையியலாளர் சங்கத்தின் கதை. அங்கே உறுப்பினர் ஒவ்வொரு வருடமும் விசுவாசக் கூற்றில் கையொப்பமிட வேண்டும்: வேதம் பிழையற்றது, கடவுள் திரித்துவமானவர். 2003இல் இரண்டு பேரை நீக்கும் பிரேரணை வந்தது. எதிர்காலத்தைக் கடவுள் முழுமையாக அறிந்திருக்கிறாரா என்ற கேள்வியில் அவர்கள் எழுதியது அந்தக் கூற்றோடு பொருந்தவில்லை என்பது குற்றச்சாட்டு. ஒருவரை நீக்க ஏறத்தாழ 63 சதவீதத்தினர் வாக்களித்தும் யாப்பு மூன்றில் இரண்டு பங்கு கேட்டதால் அவர் நின்றார். எண்ணிக்கையைச் சண்டை வரும் முன்பே எழுதி வைத்திருந்ததால்தான் அது சங்கமாக மிஞ்சியது. உங்கள் வரைவின் 9ஆம் பிரிவில் "ஒழுங்கீனமாக நடப்பவரைச் செயற்குழு நீக்கலாம்" என்று இருக்கிறது. இதை இப்படியே விட்டால் முதல் கருத்து வேறுபாடே ஒழுங்கீனமாகிவிடும். நீக்கம் பொதுக்கூட்டத்தில் மட்டும், மூன்றில் இரண்டு பங்கால் மட்டும், கட்டுரையில் சொன்ன கருத்துக்காக ஒருபோதும் இல்லை என்று மாற்றுங்கள்.

இலங்கைக்கு இவையெல்லாம் புதியவை அல்ல. மூன்றாம் உலக இறையியலாளர்களின் சங்கம் 1976இல் தார் எஸ் சலாமில் உருவானது. அதன் ஆசிய மாநாடு 1979 ஜனவரியில் நம் வென்னப்புவையில் நடந்தது. நம் நாட்டு இறையியலாளர் அலோசியஸ் பீரிஸ் அங்கே வாசித்த கட்டுரையை இன்றும் ஆள்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த குருவானவர் திஸ்ஸ பாலசூரிய, தான் எழுதியதற்காக 1997இல் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டு, அடுத்த வருடம் மீண்டும் சேர்க்கப்பட்டார். உங்கள் மேசையில் இருப்பவர்களில் பலருக்கு மேலே ஓர் ஆயர், ஒரு பேரவை, ஒரு பள்ளிவாசல் நிர்வாகம், ஓர் ஆலய பரிபாலன சபை இருக்கிறது. ஆகவே ஒரு விதி கட்டாயம்: உரையாடலைக் கைப்பேசியில் பதியக் கூடாது, யார் எதைச் சொன்னார் என்று வெளியே சொல்லக் கூடாது. ஒரு மணி நேரப் பேச்சிலிருந்து நாற்பது விநாடியை வெட்டி வட்ஸ்அப்பில் போட்டால், பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் மௌலவிக்குத் தொலைபேசி வந்துவிடும். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரமாட்டார். கூட்டறிக்கையில் தீர்மானங்களை மட்டும் எழுதுங்கள்.

மதிப்பீட்டுக்கு வருவோம். எழுதியவரும் மதிப்பிடுபவரும் ஒருவரை ஒருவர் அறியாத முறை நல்லதுதான், ஆனால் நம்மிடம் துறை சின்னது. ஆணவம் பற்றி எழுதுபவர் மட்டக்களப்பில் எத்தனை பேர்? முதல் பந்தியிலேயே ஆள் தெரிந்துவிடும். எனவே மதிப்பீட்டாளர் இருவரில் ஒருவராவது மாவட்டத்துக்கு வெளியே இருக்கட்டும். யாழ்ப்பாணத்தில், பேராதனையில் ஆள்கள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவசித்தாந்தம், வைணவம், கிறிஸ்தவவியல், சமணவியல் எல்லாம் தனித்தனித் துறைகள். இஸ்லாமிய விடயத்துக்கு ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு பீடமே பக்கத்தில் இருக்கிறது. ஆறு கிழமை அவகாசம் கொடுத்து, நான்காம் கிழமையில் நினைவூட்டுங்கள். கோப்பை அனுப்பும் முன் "எனது முன்னைய கட்டுரையில்" என்ற தொடர்களை மாற்றுங்கள். வேர்ட் கோப்பின் பண்புகளில் எழுதியவர் பெயர் தானாகவே பதிந்திருக்கும்; அதையும் நீக்குங்கள். முக்கால்வாசி இரகசியம் உடைவது அந்த இடத்தில்தான்.

பாமினியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் மூத்தவர்கள் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். பாமினியில் "தமிழ்" என்பது கணினிக்கு ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகள், ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். யுனிகோடுக்கு மாற்றும்போது தமிழ்ப் பகுதி பெரும்பாலும் சரியாக வரும். இடையில் கிடக்கும் ஆங்கிலச் சொல்லையும் மாற்றும் மென்பொருள் தமிழென்றே நினைத்துவிடும். கடவுளுக்கான ஆங்கிலச் சொல் "புழன" என்று வந்து நிற்கும். அச்சாகும் வரை ஒருவரும் காணமாட்டார்கள். பாமினிக் கட்டுரை வந்தால் ஆங்கில மேற்கோள்களையும் அரபு ஒலிபெயர்ப்புகளையும் முதலில் வெட்டித் தனிக்கோப்பில் வைத்து, மீதியை மாற்றி, பிறகு திரும்ப ஒட்டுங்கள்.

மேற்கோள் காட்டுவதிலும் ஒரு பொது முறை வேண்டும். கத்தோலிக்கர் திருப்பாடல் 23 என்பார்கள், மெதடிஸ்தர் சங்கீதம் 23 என்பார்கள், பழைய கத்தோலிக்கப் பதிப்பில் அதுவே 22. ஆகையால் எந்த மொழிபெயர்ப்பு என்று முதல் குறிப்பிலேயே சொல்ல வேண்டும். ஹதீஸுக்கு எண் மட்டும் போதாது, பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும். நூலின் கிதாபையும் (பகுதி) பாபையும் (அத்தியாயம்) சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். சிவஞானபோதத்துக்குப் பக்க எண் வேண்டாம்; பன்னிரண்டு சூத்திரந்தானே, சூத்திரமும் அதன் உட்பிரிவான அதிகரணமும் போதும்.

ஆய்விதழ் மூன்றாம் வருடத்துக்கு. இதழுக்கான ஐஎஸ்எஸ்என் எண் தேசிய விஞ்ஞான மன்றத்திடம், நூலாக வரும் தொகுப்புக்கு ஐஎஸ்பிஎன் தேசிய நூலகத்திடம். இரண்டும் அடையாள எண்கள், தரச் சான்று அல்ல. அட்டையில் பெரிதாகப் போட்டுப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

பதிவுக்கு 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டம் ஒரு வழி. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவது இன்னொரு வழி; அதில் வருடாந்த அறிக்கைகளும் கணக்காய்வும் தொடர்ந்து கேட்கும், பதினாறு பேருக்கு அது பாரம். பிரதேச செயலகத்துக்குப் போகும்போது இரண்டு மாவட்டத்திலும் இயங்கப் போவதாக முதலிலேயே சொல்லுங்கள். பின்னால் சொன்னால் படிவம் மறுபடி. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவர் போதும். மூவரும் வெவ்வேறு சமயத்தவர், காசோலையில் எந்த இருவரின் கையொப்பமும் செல்லும். சந்தா 1,500 ரூபாய், மாணவருக்கு 500. கூட்டத்தில் மரக்கறிச் சாப்பாடு. அதோடு ஹலால் கேள்வியும் விரதக்காரர் கேள்வியும் சேர்ந்து தீர்ந்துவிடும்.

கடைசியாக, முதல் கூட்டத்துக்குத் திகதி. டிசம்பரில் மட்டக்களப்பில் மாநாடு வைப்பது வெள்ளத்துக்கு அழைப்பிதழ் அடிப்பது போல. பெப்ரவரி, மார்ச் பார்க்கலாம் என்றால் 2027இல் நோன்பும் தவக்காலமும் ஒரே கிழமையில் தொடங்குகின்றன. வைகாசியில் ஊரூராகக் கண்ணகி அம்மன் சடங்கு, உங்கள் சைவ ஆசிரியர்களில் பாதிப் பேர் கோயிலில் இருப்பார்கள். ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம். செப்டெம்பரில், நவராத்திரிக்கு முன் ஒரு சனிக்கிழமை கிடைக்கும். கச்சான் காற்று வீசும், ஆகையால் கட்டுரைத் தாள்களைத் தைத்துக் கொடுங்கள்.