குறைமாதத்தில் பிறந்தவருக்கு மூச்சிரைப்பு: ஆஸ்துமாவாகத்தான் இருக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 23 வயது. 28 வாரத்தில், 1,100 கிராம் எடையில் பிறந்து, சில வாரங்கள் வென்டிலேட்டரில் இருந்ததாக அம்மா சொல்வார். இப்போது மூன்று மாடி ஏறினாலே மூச்சிரைக்கிறது. ஆஸ்துமா என்று கொடுத்த இன்ஹேலரால் பெரிய பலன் இல்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: தொடர்பு இருக்க வாய்ப்புண்டு. நுரையீரலின் நுண்காற்றறைகள் முழு வடிவம் பெறத் தொடங்குவதே ஏறத்தாழ 36-ஆம் வாரத்தில்தான். பெரும்பாலானவை பிறந்த பின்னரே உருவாகின்றன. 28 வாரத்தில் பிறக்கும் குழந்தைக்கு, அந்த அறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருளும் போதுமான அளவு சுரந்திருக்காது. உயிரைக் காப்பாற்றிய வென்டிலேட்டரின் அழுத்தமும் ஆக்சிஜனுமே அந்தப் பிஞ்சு நுரையீரலில் சில தடங்களை விட்டுச் செல்லக்கூடும். இதில் உங்கள் அம்மாவின் தவறு எதுவுமில்லை என்பதை அவரிடமும் சொல்லுங்கள்.

நுரையீரலின் திறன் இருபதுகளின் முற்பகுதியில் உச்சத்தைத் தொட்டு, பிறகு எல்லோருக்குமே மெல்லக் குறைகிறது. குறைமாதத்தில் பிறந்தவர்களில் சிலருக்கு அந்த உச்சமே சற்றுத் தாழ்வாக இருப்பதால், இப்போதே அளந்து வைத்துக்கொள்வது பிற்காலத்தில் ஒப்பிட்டுப் பார்க்கப் பெரிதும் உதவும்.

ஆஸ்துமாவில் பெரும்பாலும் மூச்சுக்குழாயின் அழற்சியே முதன்மையானது. குறைமாதக் குழந்தையாகப் பிறந்தவருக்கோ குழாய்களின் அமைப்பே குறுகலாக இருக்கலாம் என்பதால், அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் அதே அளவு பலன் தராமல் போகலாம். அதற்காக நீங்களாக மருந்தை நிறுத்திவிட வேண்டாம். நுரையீரல் நிபுணரிடம், ஊதும் காற்றைக் கொண்டு நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி என்ற பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். மூக்கில் கிளிப் மாட்டி, மூச்சை முழுதாக இழுத்து, 'ஊதுங்க, இன்னும் ஊதுங்க' என்று உடனிருப்பவர் சொல்லச் சொல்ல, உள்ளே காற்றே இல்லை என்று தோன்றும் வரை ஊத வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் ஊதச் சொல்வார்கள். இரண்டு அளவுகளுக்கும் இடையிலான வேறுபாடு ஆஸ்துமாவா என்று தீர்மானிக்க உதவும். தேவைப்பட்டால் நுரையீரலின் வாயுப் பரிமாற்றத் திறனையும், எக்கோ மூலம் இதயத்தையும் பார்ப்பார்கள்.

புகைபிடிப்பது யாருக்கும் கேடுதான். உங்களுக்கு இருமடங்கு கவனம் தேவை, அடுத்தவர் விடும் புகை உட்பட. நடை, நீச்சல் போன்ற பயிற்சிகளுக்குப் பயப்பட வேண்டாம், படிப்படியாகக் கூட்டுங்கள். ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ உதடு நீலம் பாரித்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பெரியவர்களைப் பார்க்கும் மருத்துவர்கள் பிறந்த வாரத்தைக் கேட்பது அரிது என்பதால், நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அம்மாவிடம் உங்கள் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை நாள் வென்டிலேட்டர், எத்தனை நாள் ஆக்சிஜன் என்பது அதில் எழுதியிருக்கும்.